கஞ்சி ஊற்றிய பாத்தி

கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் முதலில் சாத்தப்படுவது என் தங்கை ஹெலினாவின் அறை ஜன்னல்தான். கதவிடுக்கில் நான் ஈரத்துணியைச் சுருட்டி வைப்பேன். அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு, "போயிடுச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வண்டி போய்விடும். வாசனை போக நேரமாகும். அதுவரை அவள் மூச்சு விடும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பயம்.

இப்படிப்பட்டவள்தான் காட்டுப்பாக்கத்தில் எங்கள் திருச்சபையின் பின்புற மனையில் ஒரு சொட்டு விஷம் இல்லாமல் காய்கறி விளைவித்தாள். என் தங்கை என்பதால் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் பூந்தமல்லியில் ஒரு மருந்துக் கடையில் அவள் பில் போடுகிறாள். அவள் கணவர் ரூபஸ் அதே ஊரில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மெட்ரோ வேலை நடக்கும் சாலைத் தூசியில் முகத்தைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு மதியம் பஸ்ஸில் திரும்பி வருவாள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தால் நல்லது என்று நான் சொல்வேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய்விடுவாள். வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் பிளவுஸ் தைக்கிறேன், என்னால் நினைத்த நேரத்தில் எழ முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தையல் மெஷினை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போவேன். அங்கே என்ன பறக்கிறதோ, எது மூக்கில் ஏறுமோ என்று இருக்கும்.

அந்த மனை முதலில் பார்த்தீனியக் காடாகத்தான் கிடந்தது. அந்தப் பூவின் தூள் அவளுக்கு ஆகாது. அதனால் பூப்பதற்கு முன்னால் மழை விட்ட ஈரத்தில் நான்தான் கையுறை போட்டு ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, அந்த மூலையில ஒன்னு விட்டுட்டே பாரு" என்பாள். கோரைப்புல்லுக்கு அவளே உட்கார்ந்தாள். மேலே அறுத்தால் அது மறுபடி முளைக்கும். அடியில் இருக்கும் கிழங்கைத் தேடி எடுக்க வேண்டும். மண்ணைக் கிளறி, விரலால் தடவி, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கினாள். பொறுக்கியதை வெயிலில் கொட்டிக் காய வைத்தாள். வெறும் மண் தெரிகிற இடமெல்லாம் காய்ந்த இலையைப் பரப்பி மூடினாள். கத்தரி, வெண்டை, ஓரத்தில் கீரை என்று பாத்திகள் வந்தன.

சபைச் செயலர் யூஜின் அண்ணன் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு அந்த மனையின் மதிலை ஒட்டியது. கார் நிறுத்த இடமாக்கலாம் என்று சிலர் கேட்ட மனையை, "அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாக்கலாம்" என்று கமிட்டிக் கூட்டத்தில் பேசி ஹெலினாவுக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அந்தக் கூட்டத்தில் ஹெலினா எழுந்து நின்று, விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அந்தப் பண்டிகையின் அசனத்துக்கு வேண்டிய கத்தரிக்காயை இந்த மனையிலிருந்தே, மருந்து அடிக்காமல், தருவதாகச் சொல்லிவிட்டாள். சபை மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது.

அதற்கு முன்னால், சபைக் கோயிலைத் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டை பண்டிகை வந்தது. கோயிலிலிருந்து சாப்பாட்டு ஹாலுக்குப் போகும் கல் பாதை முழுக்கப் புல்லும் சாரணையும் மண்டியிருந்தது. பாம்பு வரும் என்று பெண்கள் புகார் செய்தார்கள். கல் இடுக்கில் மண்வெட்டி நுழையாது. களைக்கொல்லி வாங்கி அடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் ஹெலினா சமையல் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். எங்கள் அசனத்துக்கு எப்போதும் சமைப்பது பூங்காவனம் அக்கா. பெரிய அண்டாவில் சோறு வெந்ததும் வாயில் துணி கட்டிச் சாய்த்து வடிப்பார்கள். கொதிக்கும் கஞ்சி ஆறாக ஓடிச் சாக்கடையில் விழும்.

"அக்கா, அந்தக் கஞ்சிய கொதிக்க கொதிக்க எனக்குக் குடுக்கிறியா?"

"இன்னாத்துக்குமே? புடவைக்குப் போடவா? ஊரே கட்டிக்கிற அளவுக்குக் கீது."

"புல்லு மேல ஊத்த."

பூங்காவனம் அக்கா கரண்டியோடு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "புல்லுக்கு அசனம் போட்ற மொத ஆளு நீதான்."

"சோத்துல உப்பு போட்டியா? உப்பு இருந்தா மண்ணு கெட்டுடும்."

"உப்பெல்லாம் சாம்பார்லதான். நீ தெகிரியமா எட்த்துக்கினு போ."

வாளி வாளியாகக் கொண்டுபோய் நானும் ரூபஸும் ஊற்றினோம். ஆவியில் நிற்கவேண்டாம் என்று ஹெலினாவைத் தள்ளி நிறுத்தினேன். மறுநாளே புல் வெந்த கீரைபோல் படுத்துவிட்டது. வாரக் கடைசியில் பாதை சுத்தமாக இருந்தது. யூஜின் அண்ணன் ஆராதனை அறிவிப்பில் அவள் பெயரைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "என் தங்கச்சிதான்" என்று நான் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

அதன் பிறகு ஹாலில் கல்யாணமோ, நிச்சயமோ, ஞானஸ்நான விருந்தோ எது நடந்தாலும் பூங்காவனம் அக்கா வாளியை நிரப்பி வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். பாதைக்கு ஊற்றியது போக மீந்த சூடான கஞ்சியை ஹெலினா பாத்தி ஓரத்துப் புல்லில் ஊற்றினாள். இன்னும் மீந்ததை ஆறவைத்துக் கத்தரிச் செடிகளின் அடியில் ஊற்றினாள். கஞ்சி செடிக்கு நல்லது என்பது எல்லோரும் சொல்வதுதானே. செடிகளும் மளமளவென்று வளர்ந்தன. மதிலை ஒட்டிய முதல் வரிசையில் இருந்த செடிகள் என் இடுப்பு உயரம் வந்தன. பூ வைத்தன. நான் கொஞ்சம் பயம் தெளிந்திருந்தேன்.

ஒருநாள் அவள் ஒரு கத்தரித் தளிரைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நுனியில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தது.

"மாவுப்பூச்சிக்கா" என்றாள்.

வேப்பெண்ணெயில் கதர் சோப்புக் கரைசலைக் கலந்து வெயில் தாழ்ந்ததும் இலைகளின் அடியில் படும்படி அடித்தாள். சோப்பு இல்லாமல் வேப்பெண்ணெய் தண்ணீரோடு கலக்காது. அளவு கூடினால் இலை கருகும். அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பூச்சி குறைந்தது. இரண்டொரு நாளில் திரும்ப வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது. இந்தமுறை பக்கத்துச் செடியிலும் வந்தது. இலைகள் பிசுபிசுத்துக் கறுத்தன. தளிர்கள் சுருண்டன. இரவில் அவள் மூச்சு கரகரத்தது. அவளுக்கு மனம் கலங்கினாலும் மூச்சிரைக்கும்.

பிறகு யூஜின் அண்ணன் வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் ஆசையாக வளர்த்த செம்பருத்தியிலும் வெள்ளை அப்பியிருந்தது.

"ஹெலினா, நான் உனக்கு விரோதி இல்லம்மா. உனக்காகக் கமிட்டில பேசினவன் நான். ஆனா இது இப்ப என் வீட்டுக்குள்ள வந்திடுச்சு. நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் போவும். அவங்க என்னத்தான் கேப்பாங்க."

"இன்னும் கொஞ்சம் டைம் குடுங்கண்ணா."

"சனிக்கிழம வரைக்கும். அதுக்குள்ள அடங்கலன்னா உத்தமன வரச்சொல்லிடுவேன். மருந்து அடிச்சுட்டு, அசனத்துக்குக் காய வெளில வாங்கிக்கலாம். தப்பா எடுத்துக்காத."

உத்தமன் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கல் வரைக்கும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற ஆள். அன்றைக்கு மாலையே மனையைப் பார்த்துவிட்டுப் போக வந்தான்.

"நான் அடிச்சா ஒரே அடிதான்க்கா. பூச்சி இன்னா, பூச்சியோட பாட்டன் முப்பாட்டன் எல்லாம் காலி."

"நானும் காலியாயிடுவேன் உத்தமா. எனக்கு வீசிங்."

அவன் முகம் மாறியது. "அப்போ வாசன போற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராதக்கா. ஊட்லயே இரு."

"அப்புறம் திரும்பப் பூச்சி வந்தா?"

"திரும்ப அடிப்பேன்."

அவ்வளவுதான். ஒருமுறை அடித்தால் அது நிற்காது, அவளால் மனைக்குள் கால் வைக்க முடியாது. யாரும் அவளிடமிருந்து மனையைப் பிடுங்கவில்லை. ஆனாலும் அது போய்விடும். உத்தமன் போனபின் அவள் கல் பாதையில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம் அவள் பூந்தமல்லியிலிருந்து வருவதற்கு முன்னால் நான் தனியாக மனைக்குப் போனேன். ஊசி கோக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையல் பிரித்துப் பார்ப்பது மாதிரி ஒரு செடியை அடியிலிருந்து பார்த்தேன். தண்டில் சிறிய கறுப்பு எறும்புகள் வரிசையாக ஏறின. அவை அந்த வெள்ளைப் பூச்சிகளைக் கடிக்கவில்லை. மீசையால் தொட்டுத் தொட்டு நக்கின. இறங்கி வருகிற வரிசையைப் பின்தொடர்ந்தேன். அது தண்டின் அடிக்குப் போய், மண்ணில் ஒரு வெள்ளைப் பொருக்குக்குள் நுழைந்தது. கஞ்சி போட்ட துணியைக் காயவைத்து உதறினால் உதிருமே, அந்த மாதிரிப் பொருக்கு. குச்சியால் தூக்கினேன். அடியில் சோற்றுப் பருக்கைகள் இருந்தன. அவற்றைச் சுற்றி எறும்புகள் கொதித்தன.

அடுத்த செடியைப் பார்த்தேன். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். கஞ்சி ஊற்றிய இடத்திலெல்லாம் புற்று. கஞ்சி படாத வெண்டைப் பாத்தியில் எறும்பு இல்லை, வெள்ளையும் இல்லை.

இதை எப்படி அவளிடம் சொல்வது? அறிவிப்பில் அவள் பெயரை வாங்கிக் கொடுத்தது அந்தக் கஞ்சி. சொன்னால் மூச்சு ஏறுமோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் சனிக்கிழமை வந்துவிடும். அவள் வந்ததும் முதலில் சாப்பிட வைத்தேன். பிறகு இன்ஹேலரை என் ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு அவளை மனைக்குக் கூட்டிப்போய், பொருக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எறும்பு எதற்கு ஏறுகிறது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் எனக்கு விளக்கினாள். மாவுப்பூச்சி கழிக்கும் நீர் இனிப்பானது. எறும்புக்கு அது வேண்டும். அதற்காகப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுத் தளிரில் விடும். பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டைக் கடித்து விரட்டும். எறும்பு காவல் இருக்கிறவரை வேப்பெண்ணெய் அடித்தும் பிரயோசனமில்லை.

"உப்பு போட்டியான்னு மட்டும் கேட்டேன்கா" என்றாள். "பருக்கை இருக்கான்னு கேக்கல."

மூச்சு ஏறவில்லை. அழவும் இல்லை. அவள் முதலில் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் வரிசையில் இடுப்பு உயரம் வளர்ந்திருந்த, மொட்டும் பிஞ்சுமாக இருந்த செடிகளைக் காட்டி, "இது எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றாள்.

"பைத்தியமாடி? அசனத்துக்கு இதுதானே காய்க்கப்போவுது!"

"இதுலதான் இருக்கிறதுலயே ஜாஸ்தி. இத வெச்சுகினு மத்தத காப்பாத்த முடியாதுக்கா."

பூச்சி சிந்தாமல் சிதறாமல் ஒவ்வொரு செடிக்கும் மேலிருந்து சாக்கைக் கவிழ்த்து, வாயைச் சேர்த்துக் கட்டி, பிறகுதான் வேரோடு இழுத்தோம். மீதிச் செடிகளில் வெள்ளை பிடித்த நுனிகளைக் கத்தரித்து நேராகச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டோம். தண்ணீரைப் பீய்ச்சி இலையடிகளைக் கழுவினோம். பொருக்கைச் சுரண்டி அள்ளினோம். புற்றுகளைக் கிளறித் தண்ணீர் விட்டோம். இலை இலையாகப் பார்ப்பது என் வேலை. ஒரு இலையைப் பார்த்தால் அதன் மறுபக்கத்தைப் பார்க்காமல் நான் விடமாட்டேன். "அக்கா, நீ பாத்த செடியில பூச்சிக்கே வெக்கம் வந்துடும்" என்று அவள் சொன்னபோதுதான் பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

எறும்பு மறுபடி ஏறாமல் இருக்க வேண்டும். எறும்பு ஒட்டிக்கொள்கிற பிசுக்கு எதையாவது தண்டின்மேல் நேராகத் தடவினால் செடி கெட்டுவிடும். என்னிடம் வெட்டுத்துணி இருந்தது. பட்டையாகக் கிழித்து ஒவ்வொரு தண்டிலும் சுற்றிக் கட்டினேன், காற்றுப் போகாத இறுக்கமும் இல்லாமல், எறும்பு நுழைகிற தளர்ச்சியும் இல்லாமல். ரூபஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து கிரீஸ் கொண்டுவந்தார். துணியின்மேல் அதைத் தடவினோம்.

"பல்ஸர்ல செயினுக்குப் போட்றது. கத்தரிக்காய்க்குப் போட்டா மைலேஜ் குடுக்குமா?" என்றார்.

"நீங்க வாய மூடிகினு தடவுங்க" என்றாள் ஹெலினா.

மண்ணைத் தொடுகிற கீழ் இலைகளையும், ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பாலம் போடுகிற கிளைகளையும் நறுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது எறும்புகள் கிரீஸ்வரை வந்து திரும்பின. எனக்குப் போன உயிர் வந்தது. மதில் மூலையில் மட்டும் ஒரு செடியில் எறும்பு மேலேயே திரிந்தது. துணி சரியாகத்தான் இருந்தது. கீழே வரிசையும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். யூஜின் அண்ணன் வீட்டுச் செம்பருத்தியின் பெரிய கிளை ஒன்று மதிலைத் தாண்டி வந்து அந்தச் செடியின் தலையில் படுத்திருந்தது. பூவெல்லாம் அந்தக் கிளையில்தான் இருந்தது.

"அவருகிட்ட போய் கிளைய வெட்டுங்கன்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்?" என்றாள் ஹெலினா. அன்றைக்கு அவளுக்குத் தூக்கமில்லை. பக்கத்து அறையில் எனக்கும் இல்லை.

சனிக்கிழமை காலை உத்தமன் டேங்கோடு வந்தான். பின்னாலேயே யூஜின் அண்ணன் வந்தார். ஹெலினா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு பாத்திக்கு முன்னால் நின்றாள். நான் அவளுக்கு அருகில் நின்றேன். உத்தமன் டேங்க் மூடியைத் திருகும் சத்தம் கேட்டதும் என் கை தானாக இன்ஹேலரைத் தேடியது.

யூஜின் அண்ணன் வெறுமையாகக் கிடந்த முதல் வரிசையைப் பார்த்தார். "செடியெல்லாம் எங்கே?"

"நான்தான் பிடுங்கிட்டேண்ணா. பூச்சி ஜாஸ்தியா இருந்தது. உங்க செம்பருத்திக்கும் இங்கிருந்துதான் வந்திருக்கும். எறும்பக் கூப்ட்டது நான்தான். கஞ்சிய ஊத்தினேன், பருக்கைய பாக்கல."

இதை ஏன் சொல்கிறாள் என்று எனக்குப் பதைத்தது. பழியைத் தானே எடுத்து அவர் கையில் கொடுக்கிறாள். 'மருந்த அடி, உத்தமா' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அவர் செடிசெடியாகக் குனிந்தார். தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்த பழக்கம், அவரும் இலையைத் திருப்பித்தான் பார்த்தார். கிரீஸைத் தொட்டு முகர்ந்தார். மூலைச் செடிக்கு வந்ததும் நின்றார்.

"இதுல இருக்கே."

ஹெலினா கையை மேலே காட்டினாள். அவர் தன் செம்பருத்திக் கிளையைப் பார்த்தார். அதன் வழியாக இறங்கும் எறும்புச் சாரையைப் பார்த்தார். பூக்களைப் பார்த்தார். எனக்கு இரைத்தது, ஹெலினாவுக்கு அல்ல.

"உத்தமா" என்றார்.

"சொல்லு சார். மொதல்ல இந்த மூலைய ஒரு காட்டு காட்டிடவா?"

"டேங்க கீழ வை. கத்தி வெச்சிருக்கியா?"

"கத்தியா? மருந்து கலக்கிட்டேன் சார்!"

"அத வேற எங்கியாச்சும் அடி. மதில் மேல ஏறி இந்தக் கிளைய அடியோட எடு. கீழ போடாத, சாக்குல போடு. பூச்சி கொட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஞானகுமாரி, அந்தத் துணி இன்னும் இருக்கா? என் செடிக்கும் கட்டணும்."

"இருக்குண்ணா" என்றேன்.

உத்தமன் மதில்மேல் ஏறும்போது முணுமுணுத்தான். "பூச்சி அடிக்கக் கூப்ட்டு மரம் வெட்ட வுட்றாங்க. இன்னா சபைடா நைனா இது."

அறுப்பின் பண்டிகைக்குள் பூச்சி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இங்கொன்று அங்கொன்று வந்தது, நான் பஞ்சால் துடைத்தேன். பொறிவண்டுகள் திரும்பின. முதல் வரிசை போய்விட்டதால் காய் குறைவுதான். ஹெலினா சொன்ன சொல் முழுசாக நிறைவேறவில்லை. சாம்பாரில் பாதி வெளியில் வாங்கிய பூசணிக்காய். ஆனால் பீடத்துக்கு முன்னால் அவள் வைத்த கூடையில் இருந்த கத்தரிக்காய்களை நான் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. மனையை அவளே தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று கமிட்டியில் பேசியவர் யூஜின் அண்ணன்தான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் ஹாலுக்குப் போகும்போது கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"ஹெலினா! வடிக்கப்போறேன். வாளிய எட்த்தாமே!"

ஹெலினா பாதையைப் பார்த்தாள். கல் இடுக்கில் புல் மறுபடி தலை காட்டியிருந்தது.

"கஞ்சி வேணாம்க்கா. அடுப்பு அணையறதுக்குள்ள ஒரு அண்டா வெந்நி மட்டும் வெச்சுக் குடு."

"அய்யே! கஞ்சி இன்னா பாவம் பண்ச்சி?"

"எறும்புக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள் ஹெலினா.

வெந்நீர் கொதித்ததும் நான் வாளியைத் தூக்கினேன். அவளை ஆவிக்குத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஊற்றுவதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டு வாளிக்குள் ஒருமுறை பார்த்தேன், ஒரு பருக்கை இருக்கிறதா என்று.